கல்லுக்காலைத் தின்ற வண்டு

ஜூலை 14, திங்கள்

காலையில் தோப்புக்குள் போனபோது ஆறு தென்னை மரங்களின் இடுப்பில் சுண்ணாம்பு வட்டம் பார்த்தேன். மாமனார் போட்டது. வட்டம் போட்டால் அந்த மரத்தை வெட்டப் போகிறார் என்று பொருள்.

காரணம் சிவப்புக் கூன்வண்டு. போன மாதம் ஒரு மரம் பச்சைப் பசேலென்று நின்றுகொண்டே ஒரு காற்றில் கொண்டை முறிந்து விழுந்தது. உள்ளே புழுக்கள் தின்று சக்கையாக்கி வைத்திருந்தன. அன்றிலிருந்து மாமனாருக்குச் சந்தேகம் வந்த மரமெல்லாம் வட்டம் வாங்குகிறது. புழு இருக்கும் மரத்தை விட்டுவைத்தால் அடுத்த மரத்துக்குப் பரவும். புழு இல்லாததை வெட்டினால் முப்பது வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது ஒரு காலையில் போய்விடும். எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆனால் புழு தின்னும்போது சத்தம் வரும். சத்தம் என்று ஒன்று இருந்தால் அதைப் பெரிதாக்க என்னால் முடியும். பதினோரு வருடம் பாலிடெக்னிக்கில் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்.

மாமனார் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் வழக்கமான என் இடத்தில் உட்கார்ந்து சொன்னேன். "மாமா, வெட்டறதுக்கு முன்னால எனக்கு ரண்டு வாரம் குடுங்க. எந்த மரத்துல புழு இருக்குதுன்னு நான் கேட்டுச் சொல்றனுங்க."

அரிவாளைத் துடைத்தார், கூரை எரவாணத்தில் செருகினார், சாப்பிடப் போய்விட்டார். பரவாயில்லை. செய்து காட்டினால் வாய் தானாகத் திறக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

வேலை போய் இங்கே மாமனார் வீட்டுக்கு வந்து மூன்று மாதம், புது வேலைக்கு விண்ணப்பித்த கல்லூரியிலிருந்து இன்றும் அழைப்பு இல்லை. ஆனைமலைப் பக்கம் சிக்னல் சரியில்லை.

ஜூலை 16, புதன்

பொள்ளாச்சி போய்ச் சாமான் வாங்கி வந்தேன். மருந்துக் கடையில் ஒரு ஸ்டெதாஸ்கோப், எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு குட்டி மைக், டிரான்சிஸ்டர்கள், ரெசிஸ்டர்கள், ஒன்பது வோல்ட் பேட்டரி, காதை முழுதாக மூடும் ஹெட்போன். ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர் குழாயை வெட்டி அதற்குள் மைக்கைச் செருகிவிட்டேன். அதன் தட்டு மரத்தின் மேல், மைக்கிலிருந்து வரும் ஒயர் என் பெட்டிக்குள்.

கூட்டுறவுச் சங்கத்தில் வேலை முடிந்து வந்த என் மனைவி கலாமணி பெட்டியில் கிடந்த டிரான்சிஸ்டரைப் பார்த்து, "ஏனுங்க, இத்துணூண்டு மூணு கால் பூச்சி எப்படிங்க சத்தத்தப் பெருசாக்கும்?" என்று கேட்டாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் என் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. விடுவேனா?

தோட்டத்து கேட் வால்வைக் காட்டினேன். மோட்டாரிலிருந்து வரும் தண்ணீருக்கு வேகம் வால்வு தருவதில்லை. ஆனால் இரண்டு விரலால் வால்வைக் கொஞ்சம் அசைத்தால் குழாய்த் தண்ணீர் முழுவதும் கூடிக் குறைகிறது. டிரான்சிஸ்டரும் அப்படித்தான். பேஸ் என்ற காலில் நுழையும் துளி மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தை ஆட்டி வைக்கிறது. கலெக்டருக்கு மேலே ஒரு ரெசிஸ்டர் போட்டால், அந்த ஆட்டம் வோல்ட்டேஜ் ஆட்டமாக மாறும். உள்ளே போன முணுமுணுப்பு வெளியே கூச்சலாக வரும். பேட்டரிதான் பலம் தருகிறது, புழு வால்வைத் திருப்புகிறது, அவ்வளவுதான்.

"அப்ப வால்வ மொதல்லயே பாதி தொறந்து வெச்சிருக்கோணுமே. மூடியே கெடந்தா எதைங்க கொறைக்கறது?"

இதைப் புரியவைக்க எனக்கு வகுப்பில் இரண்டு நாள் ஆகும். இந்தப் பாதி திறப்புக்குத்தான் பயாஸ் என்று பெயர். கலெக்டர் ஒன்பது வோல்ட்டின் நடுவில், நாலரையில் நிற்க வேண்டும். அப்போதுதான் அலை மேலே ஏறவும் கீழே இறங்கவும் இடம் இருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

பெட்டி தயார். ஒரே டிரான்சிஸ்டர். பேட்டரியிலிருந்து பேஸுக்கு ஒரே ஒரு பெரிய ரெசிஸ்டர். கலெக்டரில் 4.7 கிலோ ஓம். எமிட்டர் நேராகத் தரையில், அதாவது பேட்டரியின் மைனஸில். இந்த அமைப்பை மாணவர்கள் பரீட்சையில் வரைந்தால் நான் மதிப்பெண் குறைப்பேன், அது வேறு விஷயம். இது பரீட்சை இல்லை. பேஸ் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து 2.2 மெகா ஓமில் கலெக்டர் 4.4 வோல்ட்டில் வந்து நின்றது. கணக்கின்படி பெருக்கம் நூற்றெண்பது மடங்கு. முதல் தடவையிலேயே.

என் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். செண்டை மேளம். கலாமணிக்கும் காட்டினேன். மாமனாருக்கும் காட்டலாம் என்று கூடத்துக்குப் போனால் டிவி அலறிக்கொண்டிருந்தது. ஏழு மணிச் செய்தியை அவர் பார்த்தால் பக்கத்துத் தோட்டத்தில் வானிலை அறிக்கை தனியாக வேண்டியதில்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. மருமகன் செய்த பெட்டி என்றால் அவ்வளவு இளப்பம்.

ஜூலை 20, ஞாயிறு

என் மாமனார் சென்னியப்பன் ஒரு காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர் என்று இன்று கண்டுபிடித்தேன். அந்த அமைப்பில் உள்ளே போகும் அலை மேலே ஏறினால் வெளியே வரும் அலை கீழே இறங்கும். பெரிதாகவும் வரும், தலைகீழாகவும் வரும். முந்தாநாள் அவரிடம், "ஆறுச்சாமிய இப்பக் கூப்புட வேண்டாங்க மாமா" என்றேன். இன்று மரம் வெட்டும் ஆறுச்சாமி வந்து புதன்கிழமைக்கு நாள் குறித்துக்கொண்டு போகிறார்.

இதற்குப் பாடத்திலேயே வைத்தியம் இருக்கிறது. இரண்டு கட்டம் அடுத்தடுத்துப் போட்டால் தலைகீழானது மறுபடி தலைகீழாகி நேராக வரும். ஆகவே கலாமணியிடம் சொல்லி அவரிடம் சொல்லச் சொன்னேன். அவள் அவருக்கு வலது பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். "செரி கண்ணு, மாப்பிள்ள மொதல்ல பாக்கட்டும்" என்று உடனே பதில் வந்தது. நான் சொன்னால் காற்று, மகள் சொன்னால் சட்டம்.

ஜூலை 22, செவ்வாய்

வெற்றி.

காலையில் ஒரு சின்னத் தடங்கல். பெட்டியைத் தோளில் மாட்டும்போது ஒயர் இழுத்து டிரான்சிஸ்டரின் கால் ஒடிந்துவிட்டது. அதே எண் போட்ட இன்னொன்றை எடுத்துப் பற்றவைத்துவிட்டுக் கிளம்பினேன். மாமனாரும் ஆறுச்சாமியும் காத்திருந்தார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், எங்கள் தோப்பில் இன்று ஓலைகள் பறந்தன.

முதல் வட்ட மரத்தில் தட்டை வைத்ததும் கேட்டது. கர்ர்க், கர்ர்க். யாரோ முறுக்கு தின்பது போல. அடுத்ததிலும். வட்டம் போட்ட ஆறில் ஐந்து மரங்களில் அதே சத்தம். கிழக்கு வரிசையில் வட்டமில்லாத மரங்களில் வைத்தேன், அங்கேயும் பதினொன்றில். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஆறுச்சாமி வட்டம் போட்டார். மாமனார் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. மனிதருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும். ஆனால் முதல் முறையாக நான் சொன்ன ஒன்றை அவர் கேட்டு நடந்தார் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜூலை 23, புதன்

முதல் மரம் வெட்டியாயிற்று. மேட்டு வாய்க்கால் ஓரத்து மரம், மாமனார் வட்டம் போட்ட ஆறில் ஒன்று.

ஆறுச்சாமி அடியிலிருந்து கொண்டை வரை நாலு இடத்தில் துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டையும் பிளந்தார். சோப்புக் கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு துளை இல்லை, ஒரு புழு இல்லை.

"நல்ல மரமுங்க. இன்னொரு முப்பது வருசம் காய்ச்சிருக்கும்" என்றார் ஆறுச்சாமி. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, மரத்தைப் பற்றித்தான் சொன்னார்.

மாமனார் மிச்ச மரங்களை இன்று வெட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினார். கொண்டையிலிருந்து குருத்தை எடுத்து வந்து நறுக்கி, முதல் துண்டை என் தட்டில் வைத்தார். திட்டியிருக்கலாம். குருத்து இனிப்பாகத்தான் இருந்தது.

ஜூலை 24, வியாழன்

தேங்காய் உரித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

பெட்டியை மேலே அட்டத்துப் பரணில் போட்டுவிட்டேன். கலாமணி அதை எடுத்து மாட்டிக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நானும் பின்னால் போனேன்.

நாலைந்து மரங்களில் வைத்துப் பார்த்தாள். பிறகு வேலி ஓரம் போய், முள்கம்பி கட்டியிருக்கும் கல்லுக்காலில் தட்டை வைத்தாள். சிறிது நேரம் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

கர்ர்க், கர்ர்க்.

"ஏனுங்க, இந்த வண்டு கல்லுக்காலையும் திங்குதுங்களா?"

அவள் சிரிக்கவில்லை. நான்தான் முதலில் சிரித்தேன், அப்புறம் இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், அப்புறம் எனக்கு அழுகை வந்துவிட்டது. மரங்களில் மட்டும் வைத்துக் கேட்டேனே தவிர, மரமல்லாத ஒன்றில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. புழு இருக்கவே முடியாத இடத்தில் பெட்டி என்ன சொல்கிறது என்று முதலில் பார்க்க வேண்டாமா? பதினோரு வருடம் எதைச் சொல்லிக்கொடுத்தேன்?

வீட்டுக்கு வந்து மல்டிமீட்டரை வைத்தேன். கலெக்டர் நாலரையில் இல்லை. தரையோடு தரையாக, கால் வோல்ட்டில் கிடந்தது. ஒரே எண் போட்டிருந்தாலும் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று உள்ளே வரும் மின்னோட்டத்தை இருநூற்றைம்பது மடங்காக்கும், இன்னொன்று ஐந்நூறு மடங்காக்கும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான். என் ரெசிஸ்டர் ஒடிந்துபோன பழையதற்கு மட்டும் பொருந்தியது. புதியதில் வால்வு முழுக்கத் திறந்துகொண்டது. அலை கீழே இறங்க இடமே இல்லை, பாதி அலை வெட்டுப்பட்டது. காற்றில் மரம் ஆடும் மெல்லிய உறுமலையும், முள்கம்பி அதிர்வதையும் பெட்டி வெட்டி வெட்டிக் கர்ர்க் கர்ர்க் என்று கொடுத்திருக்கிறது. இதனால்தான் இந்த அமைப்புக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்.

ஜூலை 29, செவ்வாய்

அழுது தீர்த்தாயிற்று. இப்போது ஒழுங்காக.

இம்முறை எந்த டிரான்சிஸ்டரையும் நம்பிக் கணக்குப் போடவில்லை. கலெக்டர் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் என்று நான் முடிவு செய்தேன், அது கேட்டு நடக்க வேண்டும். எமிட்டரைத் தரையில் விடாமல் அதற்குக் கீழே மொத்தம் ஒரு கிலோ ஓம் வைத்தேன். மின்னோட்டம் கூடினால் எமிட்டர் வோல்ட்டேஜ் உயரும். பேஸோ அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி குறைந்து மின்னோட்டம் தானாக அடங்கும். பேஸை அசையாமல் நிறுத்த மேலே 68 கிலோ ஓம், கீழே 15 கிலோ ஓம். நடுவில் 1.6 வோல்ட். எமிட்டரில் ஒரு வோல்ட். கலெக்டரில் 3.9 கிலோ ஓம் போட்டால் அது ஐந்து வோல்ட்டில் நிற்கும்.

எமிட்டர் ரெசிஸ்டர் அலையையும் சேர்த்து அடக்கிவிடும் என்பதால், அதில் பெரும்பகுதியைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கெபாசிட்டர் மூலம் அலைக்கு மட்டும் வழிவிட்டேன். நூறு ஓமை மட்டும் விட்டுவைத்தேன். பெருக்கம் நூற்றெண்பதிலிருந்து முப்பதுக்கு இறங்கிவிட்டது. இறங்கட்டும். எந்த டிரான்சிஸ்டர் போட்டாலும் அந்த முப்பது மாறாது. அப்படி இரண்டு கட்டம் போட்டேன். ஒன்று மற்றொன்றுக்குச் சுமையாகிக் கொஞ்சம் குறைத்தாலும் மொத்தப் பெருக்கம் அறுநூறுக்கு மேல். கடைசியில் ஹெட்போனை ஓட்ட ஒரு குட்டி ஐ.சி., சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ்.

இன்னொன்று. மைக்குக்கும் பேஸுக்கும் நடுவில் முன்பு பெரிய கெபாசிட்டர் போட்டிருந்தேன். இப்போது வேண்டுமென்றே மிகச் சின்னது. காற்றின் உறுமல் போன்ற தணிந்த ஒலிகள் வாசலிலேயே நின்றுவிடும். கொறிக்கும் சத்தம் கூர்மையானது, அது உள்ளே வரும்.

டிரான்சிஸ்டரை ஐந்து முறை மாற்றிப் போட்டு அளந்தேன். கலெக்டர் ஒவ்வொரு முறையும் ஐந்து வோல்ட் பக்கத்திலேயே. "இந்தத் தடவ யாரக் கல்யாணம் பண்ணிக் குடுத்தாலும் குடும்பம் ஓடும்போல" என்றாள் கலாமணி.

ஜூலை 30, புதன்

முதலில் கல்லுக்கால். நிசப்தம். கிணற்றுச் சுவர், நிசப்தம். இரண்டு இடத்திலும் நல்ல காற்று.

அப்புறம் மரங்கள். முதலில் வட்டம் போட்டதில் மிச்சம் ஐந்து. நாலில் ஒன்றுமில்லை. ஒன்றில் சன்னமாக, விட்டு விட்டு, உலர்ந்த நாரைப் பல்லால் பிய்ப்பது போல ஒரு சத்தம். கர்ர்க் இல்லை. இதற்கு முன் நான் கேட்டதே இல்லாத சத்தம். கிழக்கு வரிசையின் பதினொன்றிலும் ஒன்றுமில்லை.

கிணற்றடி மரத்தில் சும்மா வைத்தேன். அதே பிய்க்கும் சத்தம், இன்னும் பலமாக. கிணற்றடி மரம் மாமனாரின் மரம். வருகிறவர்களுக்கெல்லாம் அதன் குலையைக் காட்டுவார். அதற்கு வட்டம் போட யாருக்கும் கை வராது.

ஜூலை 31, வியாழன்

நான் கேட்டது உண்மை. கல்லுக்காலைக் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் ஒரு நல்ல மரத்தைச் சாகடித்தவன், அவருடைய சிறந்த மரத்தில் புழு என்று எந்த வாயால் சொல்வது? காலையில் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லியே விட்டேன். அவர் வெற்றிலை மடித்தார். இதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 2, சனி

ஆறுச்சாமி மறுபடி வந்துவிட்டார், கோடாலியோடு. பழைய வட்டங்களில் மிச்சம் உள்ள ஐந்தையும் இன்று முடித்துவிடுவதாம். மாமனார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் கோடாலிக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். வயது நாற்பது, இப்படி நின்றது இதுவே முதல் தடவை. "மாமா, இதுல நாலு நல்ல மரமுங்க. நான் சொல்றத நம்ப வேண்டாம். நீங்களே கேளுங்க" என்று ஹெட்போனை அவர் கையில் கொடுத்தேன்.

தலையில் மாட்டிக்கொண்டார். கல்லுக்காலில் தட்டை வைத்தேன், அப்புறம் கிணற்றடிக்கு அழைத்துப் போய் மரத்தில் வைத்தேன். குமிழ் கால் பங்கில் இருந்தது, எனக்கு அதற்கு மேல் வைத்தால் காது வலிக்கும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரலைச் சுழற்றி, கூட்டு என்றார். பாதி வைத்தேன். மறுபடி சுழற்றினார். முக்கால். மறுபடி. முழுக்கத் திருப்பினேன். மூன்றடி தள்ளி நின்ற ஆறுச்சாமிக்கே அந்தப் பிய்க்கும் சத்தம் கேட்டது.

மாமனார் ஹெட்போனின் வலது பக்கத்துக் கிண்ணத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார்.

நான் அப்படியே நின்றேன். டிவி அலறியது, கூப்பிட்டும் திரும்பாதது, மகள் எப்போதும் வலது பக்கம் குனிந்து பேசுவது, நான் மூன்று மாதமாக இடது பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேசியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "முந்தியெல்லாம் மரத்துல காத வெச்சுக் கேட்டே புழு இருக்கறதச் சொல்லுவனுங்க, மாப்பிள்ளைங்க. காது மந்தமாகி அது நின்னு நாலு வருசமாச்சு. அப்புறம் வட்டம் போட்டதெல்லாம் குருட்டுக் கணக்குத்தானுங்க." சொல்லிவிட்டு ஆறுச்சாமியைப் பார்த்து, "கோடாலிய வெச்சுட்டு மேல ஏறுப்பா" என்றார்.

கொண்டைக்குக் கீழே, மட்டை இடுக்கில், மென்று துப்பிய நார் அடைத்த ஒரு துளை இருந்தது. கீழே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. ஆறுச்சாமி கம்பிக் கொக்கியை விட்டு இழுத்தார். கட்டை விரல் பருமனில் ஒரு வெள்ளைப் புழு வந்தது. அப்புறம் இன்னொன்று. துளையில் மருந்து ஊற்றிக் களிமண் வைத்து அடைத்தார். பிய்க்கும் சத்தம் கேட்ட இன்னொரு மரத்துக்கும் அதே வைத்தியம். ஒரு மரமும் விழவில்லை.

கலாமணியிடம் கேட்டேன், அவருக்கு இடது காது கேட்காததை ஏன் சொல்லவில்லை என்று. "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க. தெரிஞ்சுட்டே அப்பாவுக்கு எடது பக்கமே போய் உக்கார்றீங்க, ஏதோ கோவமாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையில் எழுந்து வந்தால் என் பெஞ்சு நாற்காலிக்கு வலது பக்கம் இடம் மாறியிருந்தது. யார் மாற்றியது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கிணற்றடி மரத்தில் இன்றும் சத்தமில்லை. இதை நான் கேட்டுச் சொல்லவில்லை. விடியற்காலையில் பெட்டியை மாட்டிக்கொண்டு போய்க் கேட்டவர் மாமனார். தினமும் முதலில் கல்லுக்காலில்தான் வைக்கிறாராம். ஈரத் தேங்காய் மட்டையால் வட்டங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து அழித்துக்கொண்டு வருகிறார்.

மத்தியானம் பேட்டரி மாற்றித் தருகிறேன், கொடுங்கள் என்று வலது பக்கம் உட்கார்ந்து கேட்டேன். பேட்டரியை மட்டும் கையில் வாங்கிக்கொண்டார், பெட்டியைத் தரவில்லை. ஸ்டெதாஸ்கோப் தட்டைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து பேசிய மகளைப் பார்த்து, "இப்படி மொள்ளப் பேசுனாலே போதும் கண்ணு, கேக்குது" என்றார். ஹெட்போன் தலையில் இருந்தது, மைக் செருகிய குழாய் பாக்கெட்டிலிருந்து கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது.

எனக்கு இன்னொரு பெட்டி செய்ய வேண்டும். மரத்துக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. மனிதருக்கானதில் அந்தக் கெபாசிட்டரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் குரல் இன்னும் நன்றாக வரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஆகவே மரத்துக்கு ஒன்று போதாது.

சிக்னல் இன்று முழுதாக இருந்தது. கல்லூரியிலிருந்து அழைப்பு வரவில்லை. அதைச் சாயங்காலம்தான் கவனித்தேன்.